நாய்ஸ் குறைக்க எல்லா மென்பொருளுக்கும் ஒரே எண்ணைச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் போட்டோகிராபி பகுதியைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ரா ஃபைல் (சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்), ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சரிசெய்வது) என்று தமிழில் பொறுமையாகச் சொல்லித்தர ஒரு செய்தித்தாள் இடம் ஒதுக்குவதே சந்தோஷமான விஷயம். எங்கள் பக்கத்தில் புதிதாக கேமரா வாங்கிய பையன்கள் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு பழகுகிறார்கள். அதனால்தான் போன வாரம் இரவுப் படங்களில் நாய்ஸ், அதாவது மணல் தூவியது போலத் தெரியும் புள்ளிகள், அதைக் குறைப்பது பற்றி வந்த கட்டுரையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எந்த மென்பொருளில் திறந்தாலும் லூமினன்ஸ் (வெளிச்ச ஏற்ற இறக்கமாகத் தெரியும் நாய்ஸ்) ஸ்லைடரை 50-க்குத் தள்ளுங்கள், கலரையும் (நிறத் திட்டாகத் தெரியும் நாய்ஸ்) 50-க்குத் தள்ளுங்கள், வேலை முடிந்தது என்று அதில் இருந்தது. இது தவறான யோசனை. ஒரு மென்பொருளில் 50 என்றால் எதையும் தொடாமல் விட்டதற்குச் சமம், இன்னொன்றில் அதே 50 முகத்தை மெழுகுபொம்மை ஆக்கிவிடும்.

நான் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் தெருக்கூத்து படம் எடுக்கிறவன், பிழைப்புக்குக் கல்யாணம் எடுக்கிறேன். இரண்டுமே இருட்டோடு மல்லுக்கட்டுகிற வேலை. ஒரே ரா ஃபைலை லைட்ரூம், கேப்சர் ஒன், டிஎக்ஸ்ஓ, டார்க்டேபிள், ராதெரபி என்று படம் திருத்தும் மென்பொருள்களில் மாற்றி மாற்றித் திறந்து பார்த்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் அந்த 50 கதையைப் பார்ப்போம். லைட்ரூம் கிளாசிக்கில் ஒரு ரா ஃபைலைத் திறந்தால், நீங்கள் எதுவும் செய்யாதபோது லூமினன்ஸ் 0-இல் இருக்கும், கலர் 25-இல் இருக்கும். அதாவது கலர் நாய்ஸை அது தானாகவே கொஞ்சம் துடைத்துவிடுகிறது, லூமினன்ஸை உங்கள் கையில் விட்டுவிடுகிறது. கேப்சர் ஒன்னில் அதே ஃபைலைத் திறந்தால் லூமினன்ஸும் கலரும் 50-இல் நிற்கும். அங்கே 50 என்பது அந்த கேமராவுக்கும் அந்த ஐஎஸ்ஓவுக்கும் (பதிவான வெளிச்சத்தை கேமரா பெருக்கிக் காட்டும் அளவு) இவ்வளவு போதும் என்று மென்பொருள்காரர்களே கணக்குப் போட்டு வைத்த இடம், லூமினன்ஸை 0-க்கு இறக்கினால்தான் லைட்ரூமின் தொடக்க நிலைக்குக் கிட்டத்தட்ட வரும். ஆக உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு கேப்சர் ஒன் வைத்திருக்கிறவர் 50-இல் வைத்தால் அவர் படத்தில் எந்த மாற்றமும் நடக்காது, லைட்ரூம் வைத்திருக்கிறவர் வைத்தால் பட்டுப்புடவையின் நூலோட்டம் காணாமல் போகும். இதோடு முடியவில்லை. லைட்ரூமுக்குள்ளேயே இரண்டு 50 இருக்கின்றன. பழைய லூமினன்ஸ் ஸ்லைடரின் 50 ஒன்று, 2023 ஏப்ரலில் வந்த ஏஐ டீநாய்ஸின் 50 இன்னொன்று. இரண்டாவது முற்றிலும் வேறு வழியில் வேலை செய்வது, அது திறக்கும்போதே 50-இல்தான் நிற்கும், பல படங்களுக்கு அதுவே அதிகம். டார்க்டேபிளில் இருக்கும் டீநாய்ஸ் புரொஃபைல்டு என்ற பகுதிக்குப் போனால் அளவே வேறு, வலிமை 1 என்ற இடத்தில் தொடங்கும். ஏனென்றால் அதற்குப் பின்னால் ஒவ்வொரு கேமராவும் ஒவ்வொரு ஐஎஸ்ஓவில் எவ்வளவு நாய்ஸ் தரும் என்று பயனாளிகளே அளந்து கொடுத்த பட்டியல் இருக்கிறது, அந்தப் பட்டியல் சொல்கிற அளவுதான் 1.

இத்தனை வித்தியாசம் ஏன் என்று புரிய வேண்டுமானால் நாய்ஸ் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ஐஎஸ்ஓவை ஏற்றினால் நாய்ஸ் வரும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், உங்கள் கட்டுரையிலும் அப்படித்தான். நடப்பது வேறு. வெளிச்சம் ஒளித்துகள்களாகத்தான் சென்சாரில் வந்து விழுகிறது, சீராக விழுவதில்லை. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 துகள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 100 வாக்கில் இருக்கும், அது ஒரு சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. 100 துகள்தான் விழுகிறது என்றால் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்து சதவீதம், அது புள்ளி புள்ளியாகத் தெரியும். இதுதான் நாய்ஸின் பெரும்பகுதி. கேமராவின் மின்சுற்று தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்க்கும், அது ஆழமான நிழலில்தான் உறுத்தும். வெளிச்சம் குறைவாக இருப்பதால் நாம் ஐஎஸ்ஓவை ஏற்றுகிறோம், நாய்ஸ் வந்தது வெளிச்சம் குறைந்ததால். இதைப் புரிந்துகொள்ளாமல், ஐஎஸ்ஓவைக் கண்டு பயந்து 1600-இலேயே வைத்து இருட்டாக எடுத்து, அப்புறம் கம்ப்யூட்டரில் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு, வெளிச்சத்தைத் தூக்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 6400-இல் ஒழுங்காக எடுத்திருந்தால் படம் அதே அளவோ, பல கேமராக்களில் அதைவிட நன்றாகவோ இருந்திருக்கும். லென்ஸைப் பற்றியும் அந்தக் கட்டுரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேமராவோடு கொடுக்கும் ஜூமை 55 மில்லிமீட்டரில் வைத்தால் எஃப் 5.6, தனியாக விற்கும் சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸ் எஃப் 1.8. இந்த எண் குறையக் குறைய லென்ஸ் அதிகம் திறக்கும். இரண்டாவது கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எந்த மென்பொருளும் இதற்கு ஈடாகாது.

சரி, ரா ஃபைலுக்கு வருகிறேன். சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பதிவு செய்கிறது. பாதி பிக்சல் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவர் 1976-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது, இன்றைக்கும் பெரும்பாலான கேமராக்களில் இதுதான். மற்ற இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது, இதை டீமொசெய்க் என்கிறார்கள். இந்த ஊகம் நடக்கும்போது ஒரு பிக்சலில் இருந்த நாய்ஸ் பக்கத்துப் பிக்சல்களிலும் கலந்துவிடுகிறது. தனித்தனிப் புள்ளியாக இருந்தது திட்டுத் திட்டாக, பச்சையும் மெஜந்தாவுமாகப் பரவுகிறது. அரிசியில் கல் கிடந்தால் அரிசியாக இருக்கும்போதே பொறுக்க வேண்டும், மாவாக அரைத்த பிறகு பொறுக்க முடியாது. நாய்ஸும் அப்படித்தான், ரா நிலையிலேயே குறைப்பதற்கும் ஜேபெக்காகவோ டிஃப்பாகவோ மாற்றிய பிறகு குறைப்பதற்கும் இவ்வளவு வித்தியாசம் வருவது இதனால்தான்.

இதை முதலில் பெரிய அளவில் சாதித்துக் காட்டியது பிரான்ஸ் நாட்டு டிஎக்ஸ்ஓ நிறுவனம் என்பது என் எண்ணம். 2013-இல் பிரைம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், ஒரு படத்துக்கே சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். 2020-இல் டீப்பிரைம் வந்தது, அது நாய்ஸ் குறைப்பதையும் டீமொசெய்க்கையும் ஒரே வேலையாக, படங்களைக் காட்டிப் பயிற்சி கொடுத்த நியூரல் நெட்வொர்க் என்ற ஏஐ நிரலை வைத்துச் செய்தது. 2023-இல் அடோபியும் ரா தரவிலேயே வேலை செய்கிற டீநாய்ஸைக் கொடுத்தது. அதுவரைக்கும் லைட்ரூமில் நாம் இழுத்துக்கொண்டிருந்த ஸ்லைடர் டீமொசெய்க்குக்குப் பிந்தைய வேலை. டார்க்டேபிளும் ராதெரபியும் இலவசமாகவே கிடைக்கின்றன, அவற்றின் வழி வேறு. படத்தில் ஒரே மாதிரி இருக்கிற சின்னச் சின்னப் பகுதிகளைத் தேடிப்பிடித்துச் சராசரி எடுப்பது ஒரு முறை, 2005-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டது, டார்க்டேபிளில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். படத்தைப் பெரிய விவரம், சின்ன விவரம் என்று அடுக்கடுக்காகப் பிரித்து, சின்ன அடுக்குகளில் மட்டும் வடிகட்டும் வேவ்லெட் முறை இன்னொன்று, அது இரண்டிலுமே உண்டு. இவை நியூரல் நெட்வொர்க் அளவுக்குப் பளிச்சென்று சுத்தம் செய்யாது. ஆனால் இல்லாத எதையும் வரையாது. கூத்துப் படங்களுக்கு நான் இன்னும் டார்க்டேபிளைக் கைவிடாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இல்லாததை வரைவது என்றால் என்ன என்று ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன். துரியோதனன் வேஷம். சிவப்பு அரிதாரம், அதன்மேல் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் வரிசையாக வைத்த வெள்ளைப் புள்ளிகள், தலையில் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம், தோளில் கட்டைகள், பின்னால் திரைக்கு மேலே ஊர்க்காரர்கள் கட்டிய ஒரு ஃபிளெக்ஸ் பேனர். ஐஎஸ்ஓ 6400, எல்இடி ஃபோகஸ் லைட் ஒரு பக்கமிருந்து அடிக்கிறது. இதை லைட்ரூமின் பழைய லூமினன்ஸ் ஸ்லைடரில் 50-க்குத் தள்ளினால் தூரத்தில் இருக்கும் கன்னத்து வெள்ளைப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு மங்கலான கோடாகிவிடுகின்றன. வேஷக்காரர் இரவு முழுக்க நிற்கப்போகிற முகத்துக்கு ஒவ்வொன்றாக வைத்த புள்ளி அது, அதை நாய்ஸ் என்று நினைத்து மென்பொருள் துடைத்துவிட்டது. கலர் ஸ்லைடரையும் ஏற்றினால் வெள்ளைப் புள்ளிக்குள் சுற்றியிருக்கும் சிவப்பு ஊறிவிடுகிறது, நெற்றிப் பொட்டின் ஓரம் கசிகிறது. அதே படத்தை ஏஐ டீநாய்ஸில் போட்டால் கன்னம் அருமையாக வருகிறது, ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக நிற்கிறது, கிரீடத்துக் கண்ணாடி பளபளக்கிறது. ஆனால் பின்னால் பேனரில் இருந்த எழுத்துகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். அசலில் நாய்ஸுக்கு நடுவே கண்ணைச் சுருக்கினால் படிக்க முடிந்த தமிழ் எழுத்து, கூர்மையான ஓரங்களோடு, எந்த மொழியிலும் இல்லாத ஒரு வடிவமாக மாறியிருக்கும். தெளிவாக இருப்பதால் நம்பிவிடுவோம். மங்கலாக இருப்பதைவிட இது மோசம். கூட்டத்தில் தூரத்தில் இருக்கும் முகங்களுக்கும் சில சமயம் இதே கதிதான். உங்களைப் போன்ற செய்தித்தாள்காரர்கள் இந்த விஷயத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பேன்.

செய்திப் படங்களுக்கு உலக அளவில் போட்டி நடத்தும் வேர்ல்டு பிரஸ் போட்டோ அமைப்பு இதில் ஒரு கோடு போட்டிருக்கிறது. படத்தில் புதிய தகவலைச் சேர்க்காமலும் இருந்ததை நீக்காமலும் ஒட்டுமொத்தப் படத்தைப் பெரிதாக மாற்றாமலும் இருந்தால் டீநாய்ஸ் போன்ற கருவிகளைப் பயன்படுத்தலாம், ஏஐ வைத்துப் படத்தைப் பெரிதாக்கும் கருவிகள் கூடவே கூடாது என்று அவர்களுடைய போட்டி விதிகளில் இருக்கிறது. நியாயமான கோடு. வாசகர்கள் அனுப்பும் படங்களைப் போடும்போது நீங்களும் இப்படி ஒரு விதியை ஓரத்தில் அச்சிடலாம்.

அடுத்து, ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போவது. நம் ஆட்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான். ரா ஃபைலில் நாம் செய்யும் திருத்தம் எதுவும் அந்த ஃபைலுக்குள் போவதில்லை, பக்கத்தில் ஒரு குட்டி ஃபைலிலோ, மென்பொருள் தனக்கென வைத்திருக்கும் பட்டியலான கேட்டலாகிலோ எழுதி வைக்கப்படுகிறது. அடோபியும் டார்க்டேபிளும் எக்ஸ்எம்பி என்ற பெயரில்தான் எழுதுகின்றன, பெயர் ஒன்றே தவிர ஒன்றின் நாய்ஸ் அளவை இன்னொன்று எடுத்துக்கொள்ளாது. ராதெரபி பிபி3 என்று எழுதும், டிஎக்ஸ்ஓ டிஓபி என்று எழுதும். ஸ்டார், கீவேர்டு மாதிரி விஷயங்கள் அங்குமிங்கும் போய்ச் சேரும், நாய்ஸ் அளவு போகாது. ஆகவே லைட்ரூமில் நாய்ஸைக் குறைத்துவிட்டேன், இப்போது டிஎக்ஸ்ஓவில் திறந்து மற்றதைச் செய்கிறேன் என்று ரா ஃபைலைத் திறந்தால் எல்லாம் முதலிலிருந்துதான். போகத்தான் வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. டிஎக்ஸ்ஓவின் பியூர்ரா போன்றவற்றில் நாய்ஸை மட்டும் குறைத்து லீனியர் டிஎன்ஜி என்ற, டீமொசெய்க் முடிந்த ரா போன்ற வடிவில் சேமித்து, அதை லைட்ரூமில் திறக்கலாம். ஒயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் அப்போதும் ரா போலவே மாற்ற முடியும். ஆனால் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று நிறமும் எழுதப்பட்டிருப்பதால் ஃபைல் அளவு பல மடங்கு வீங்கும். கல்யாணப் படம் ஆயிரக்கணக்கில் எடுக்கிறவர்கள் எல்லாப் படத்துக்கும் இதைச் செய்தால் ஹார்டு டிஸ்க் தாங்காது, தேர்ந்தெடுத்த படங்களுக்கு மட்டும் செய்ய வேண்டும். லைட்ரூமின் டீநாய்ஸும் தொடக்கத்தில் இப்படித் தனி டிஎன்ஜி உருவாக்கிக்கொண்டுதான் இருந்தது, 2025-இல் அது தேவையில்லாமல் செய்துவிட்டார்கள், பெரிய நிம்மதி. ஒன்றில் சுத்தம் செய்து கொண்டுவந்த டிஎன்ஜியை இன்னொன்றில் திறந்ததும் அங்கே ஷார்ப்பனிங்கும் (படத்தைக் கூர்மையாக்குவது) கலர் நாய்ஸ் குறைப்பும் தொடக்க அளவில் தானாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ஏறியிருந்தால் இறக்கிவிட வேண்டும். ஏற்கனவே கூர்மையாக்கிய படத்தை மறுபடி கூர்மையாக்கினால் புருவத்தில் வெள்ளைக் கோடு விழும்.

ஒரு படத்துக்கு ஒரே இடத்தில்தான் நாய்ஸைக் குறைக்க வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது தெரியுமா? போட்டோகிராபர் லைட்ரூமில் குறைக்கிறார், எடிட்டர் போட்டோஷாப்பில் ஒரு பிளக்இன் போட்டு மறுபடி குறைக்கிறார், ஆல்பம் லேபில் ஆபரேட்டர் தன் பங்குக்கு முகத்தை வழவழப்பாக்குகிறார். அச்சாகி வரும்போது மணப்பெண்ணின் பாட்டிக்கு முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பாட்டியின் கடைசி நல்ல படமாக அது இருக்கலாம். இந்த விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். யாரோ ஒருவர் நிறுத்தினால் போதும், ஆனால் யார் எங்கே குறைத்தார்கள் என்று அடுத்தவருக்குத் தெரிவதில்லை. ஃபைல் பெயரிலோ ஃபோல்டரிலோ குறித்து அனுப்பினால் பாதிப் பிரச்சினை தீரும்.

அப்புறம் ஒப்பிடுவது பற்றி. எந்த மென்பொருள் நாய்ஸை நன்றாகக் குறைக்கிறது என்று இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தீர்கள். அந்த ஒப்பீட்டில் ஒயிட் பேலன்ஸ் வேறு, நிழலைத் தூக்கிய அளவு வேறு என்று பார்த்தாலே தெரிந்தது. மண்டபத்தின் மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவாகத்தான் பதிவாகும், ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்யும்போது மென்பொருள் அந்த நீலத்தைப் பெருக்குகிறது, கூடவே நீலத்தின் நாய்ஸும் பெருகுகிறது. ஒன்றை மஞ்சளாகவே விட்டு இன்னொன்றை வெள்ளையாக்கி வைத்தால் மஞ்சள் படம்தான் சுத்தமாகத் தெரியும், அது மென்பொருளின் திறமை கிடையாது. ஷார்ப்பனிங் இன்னும் பெரிய குழப்பம். லைட்ரூம் ரா ஃபைலுக்குத் தானாகவே 40 என்ற அளவில் ஷார்ப்பனிங் போட்டுத்தான் திறக்கிறது, ஒவ்வொரு மென்பொருளுக்கும் இந்தத் தொடக்க அளவு வேறு, கூர்மை கூடினால் நாய்ஸும் கூடித் தெரியும். கேமரா கம்பெனிகள் கொடுக்கும் மென்பொருள்களில் படம் சுத்தமாகத் தெரிவதற்குக் காரணம், கேமராவில் வைத்திருந்த நாய்ஸ் அமைப்பை அவை படித்து அப்படியே போட்டுவிடுகின்றன. லைட்ரூமும் டார்க்டேபிளும் அதைக் கண்டுகொள்வதில்லை. நேர்மையாக ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டிலும் ஷார்ப்பனிங்கை 0 ஆக்கி, ஒயிட் பேலன்ஸையும் வெளிச்சத்தையும் ஒன்றுபோலக் கொண்டுவந்து, இரண்டையும் நூறு சதவீதத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் வெறும் சுவரையோ கறுப்புப் பின்னணியையோ பார்க்காதீர்கள், அங்கே எல்லாமே நன்றாகத்தான் செய்யும். கண்ணிமை, ஜரிகை, தலைமுடி நெற்றியில் சேரும் இடம், சின்ன எழுத்து, இவற்றைப் பாருங்கள். ராதெரபியில் படம் திரைக்குள் அடங்கியபடி இருக்கும்போது ஸ்லைடரை நகர்த்தினால் ஒன்றும் தெரியாது, ஒன்றுக்கு ஒன்று அளவில் பெரிதாக்கினால்தான் விளைவு தெரியும். இது தெரியாமல் ஸ்லைடரைக் கடைசிவரை தள்ளிவிட்டு, வேலை செய்யவில்லை என்று அதைத் தூக்கிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அச்சைப் பற்றியும் ஒரு கணக்கு. 24 மெகாபிக்சல் படம் என்றால் அகலத்தில் 6000 பிக்சல். நீங்கள் அதை உள்பக்கத்தில் 15 சென்டிமீட்டர் அகலத்தில் போடுகிறீர்கள், அதாவது சுமார் 6 இன்ச். செய்தித்தாள் காகிதத்தில் அச்சுப் புள்ளிகள் இன்ச்சுக்கு 85 முதல் 100 கோடு என்ற அளவில்தான் விழும், அதற்கு இன்ச்சுக்கு 200 பிக்சல் கொடுத்தாலே போதும். ஆக மொத்தம் 1200 பிக்சல். 6000-ஐ 1200 ஆக்கும்போது 25 பிக்சல் சேர்ந்து ஒரு பிக்சல் ஆகிறது, ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நாய்ஸ் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். எந்த ஸ்லைடரையும் தொடாமல் கிடைப்பது இது. மிச்சமிருப்பதைக் காகிதத்தின் புள்ளியமைப்பே மறைத்துவிடும். முகத்தை வழவழப்பாக்கிய சேதம் மட்டும் மறையாது, அது காகிதத்திலும் தெரிகிறது. வாசகர் படப் பக்கத்தில் போன மாதங்களில் வந்த திருவிழாப் படங்களை எடுத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும், கூட்டத்தில் இருக்கிற அத்தனை முகமும் பிளாஸ்டிக் போல இருக்கும். அந்தப் பிள்ளைகள் திரையில் இருநூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துப் பயந்து செய்தது அது. போன் திரையில் பார்ப்பதற்கும் இதே கணக்குதான். பெரிய அளவில் சுவரில் மாட்டப் பிரின்ட் போடுகிறவர்கள், பறவைப் படத்தைப் பாதிக்கு மேல் வெட்டிப் பயன்படுத்துகிறவர்கள், இவர்களுக்குத்தான் நாய்ஸ் பெரிய கவலையாக இருக்க வேண்டும்.

கேமராவுக்குள்ளே இருக்கும் இரண்டு அமைப்புகளைக் கட்டுரை ஒன்றாகக் குழப்பியிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஹை ஐஎஸ்ஓ நாய்ஸ் ரிடக்ஷன் என்பது பொதுவாக ஜேபெக்குக்கு மட்டும்தான், ரா எடுக்கிறவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் ரா ஃபைலையும் பாதிக்கும், ஷட்டரை மூடியபடி அதே நேரத்துக்கு இன்னொரு படம் எடுத்துக் கழிப்பது அது, 30 விநாடி படம் எடுத்தால் இன்னொரு 30 விநாடி கேமரா கைக்கு வராது. நட்சத்திரம் எடுக்கிறவர்களுக்கு உதவும், வாணவேடிக்கை எடுக்கிறவர்கள் அதை அணைத்து வைப்பது நல்லது, இல்லையென்றால் பாதி வேடிக்கை கேமரா காத்திருக்கும்போதே முடிந்துவிடும்.

எதை வாங்கலாம் என்று கேட்டு உங்களுக்குக் கடிதங்கள் வந்திருப்பதாகப் போட்டிருந்தீர்கள். என் கருத்தைச் சொல்கிறேன். ஏற்கனவே லைட்ரூமுக்குச் சந்தா கட்டுகிறவர்கள் அதன் ஏஐ டீநாய்ஸையே பயன்படுத்தட்டும், தொடங்கும் 50-இலிருந்து கீழே இறக்கி, 30 பக்கத்தில் போதுமா என்று பார்த்து, போதாவிட்டால் மட்டும் ஏற்றட்டும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் ஒரு படத்துக்கே பல நிமிடம் ஆகும், அதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். இருட்டில் தொழிலாகப் படம் எடுக்கிறவர்களுக்கு டிஎக்ஸ்ஓ போட்ட காசுக்குப் பலன் தரும் என்று நம்புகிறேன், ஆனால் வாங்குவதற்கு முன் உங்கள் கேமராவும் லென்ஸும் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். காசு செலவழிக்க முடியாத மாணவர்கள் டார்க்டேபிளையோ ராதெரபியையோ எடுத்து, அதில் ஒன்றை மட்டும் ஒழுங்காகப் பழகட்டும். ஐஎஸ்ஓ 3200 வரைக்கும் இன்றைய கேமராக்களில் இவை இரண்டும் தாராளமாகப் போதும். இன்னொரு விஷயம், பழைய ரா ஃபைல்களை அழிக்காதீர்கள் என்று ஒரு வரி கட்டாயம் போடுங்கள். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எடுத்து, நாய்ஸ் தாங்காமல் ஒதுக்கி வைத்த கூத்துப் படங்கள், இன்றைக்கு அதில் ஆடிய சில வாத்தியார்களே இல்லாத நிலையில், இப்போதைய மென்பொருளில் திறந்தால் முகம் தெரிகிற படமாக வருகின்றன. ஜேபெக் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு.

அடுத்த வாரம் டார்க்டேபிள் பற்றி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் டீநாய்ஸ் புரொஃபைல்டு பகுதியை வலிமை 1-இலேயே விட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். 50 பற்றிய அந்த வரிக்கு ஒரு திருத்தமும் போடுங்கள், மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் குறிப்பிடுங்கள். ஒப்பீட்டுப் படம் போட்டால் முழுப்படத்தோடு, கண்ணும் துணியும் இருக்கும் ஒரு சின்னப் பகுதியை நூறு சதவீதத்தில் வெட்டித் தனியாகவும் போடுங்கள். மேலே சொன்ன துரியோதனன் படத்தின் ரா ஃபைலை, அந்த வேஷக்காரரிடம் கேட்டுவிட்டு, உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பத் தயாராக இருக்கிறேன். எந்தெந்த மென்பொருளில் வேண்டுமோ அதில் எல்லாம் திறந்து பார்த்துப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர்